நீங்கள் பிலோங்கரா?

ரொறொன்ரோவின் மில்லிக்கனில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு மார்லின் குடிவந்த மூன்றாம் நாள், இருவரும் அவரவர் வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தோம். சொந்த ஊர் எது என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். "அங்கே நீங்கள் பிலோங்கரா?" என்றார் ஆங்கிலத்தில். 'அங்கே' என் காதில் விழவில்லை. கனடாவுக்கு உரியவனா என்று கேட்கிறார் என எடுத்துக்கொண்டு, குடியுரிமைச் சத்தியம் செய்த நாள், மாதம், ஆண்டு எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். மார்லின் விழித்தார். கராஜ் வாசலில் நின்ற என் மனைவி புவனா சிரித்தாள்.

"அந்த மனுசி என்ன இமிகிரேசன் ஒபிசரே? ஏனப்பா திகதியெல்லாம் சொல்லுறியள்?"

மார்லின் கரீபியன் கடலில் இன்றும் பிரித்தானியாவின் கையில் இருக்கும் ஒரு சின்னத் தீவைச் சேர்ந்தவர். தீவின் பெயரை எழுதினால் ஆள் யாரென்று அங்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும். அங்கே பிலோங்கர் என்பது சட்டச் சொல். தீவுக்கு உரியவர் என்று பொருள். வாக்குரிமையும் காணியுரிமையும் அந்தச் சொல்லில் தங்கியிருக்கின்றன. இப்போது தீவுக்குப் புதிய அரசியல் யாப்பு எழுதுகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களும் வெள்ளிக்கிழமைக்குள் கருத்து அனுப்பலாம்.

"நான் அனுப்பப் போவதில்லை. நாங்கள் தெரிவு செய்தவர்கள் சட்டம் இயற்றுவார்கள், லண்டன் அனுப்பிய ஆளுநர் ஒப்பமிடாமல் வைத்திருப்பார். இந்த அரைச் சுயாட்சிக்கு ஒரு கடிதமா?" என்றார் மார்லின்.

அந்தக் கோபம் எனக்குப் பழக்கமானது. 1931இல் இலங்கைக்குப் புதிய யாப்பு வந்தபோது, முழுச் சுயாட்சி இல்லையென்று யாழ்ப்பாணத்து இளைஞர்கள் தேர்தலைப் புறக்கணித்தார்கள். என் அப்பப்பா வீடுவீடாகச் சைக்கிளில் போய் அதற்கு ஆள் சேர்த்தவர். கடைசிவரை அதில் அவருக்குப் பெருமை. எங்கள் நான்கு ஆசனங்களும் 1934வரை வெறுமையாகக் கிடந்தன. சபை எங்களை விட்டுவிட்டே கூடியது, அமைச்சர்களைத் தெரிவு செய்தது, சட்டங்களை இயற்றியது. இதை மார்லினுக்குச் சொன்னேன்.

"அப்படியென்றால் உங்கள் தாத்தா செய்தது பிழையா?"

பனி வழிக்கும் சவளை ஊன்றிக்கொண்டு யோசித்தேன். "கேட்டது சரி. கேட்கிற இடத்தில் இல்லாமல் போனதுதான் பிழை."

வியாழன் மாலை மார்லின் கடிதத்தோடு வந்தார். ஒரு சட்டத்தை மறுத்தால் ஆளுநர் 'விரைவில்' காரணம் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்தச் சொல்லில் விரலை வைத்தேன். "நாள் கணக்குப் போடுங்கள். விரைவில் விரைவில் என்றுதான் எங்களையும் வைத்திருந்தார்கள்." அதை வெட்டி, 'முப்பது நாட்களுக்குள்' என்று எழுதினார்.

தேத்தண்ணி கொண்டுவந்த புவனா, "உவருக்குத் திகதி இல்லாட்டி சோறு செமிக்காது" என்றாள். மொழிபெயர்த்தேன். மார்லின் விழுந்து விழுந்து சிரித்தார்.

படிவத்தின் கடைசிக் கேள்வி: நீங்கள் பிலோங்கரா? இருபத்தைந்து வருடம் ரொறொன்ரோவில் வாழ்ந்தவர் ஒரு கணமும் தயங்காமல் 'ஆம்' கட்டத்தில் சரி போட்டு அனுப்பினார். திங்கட்கிழமை பதில் வந்தது. கடிதம் குழுவின் முன் வைக்கப்படுமாம். எந்த நாள் என்றும் குறித்திருந்தார்கள்.

அன்று நாட்குறிப்பில் இரண்டு சின்னக் கட்டங்கள் கீறினேன். ஒன்றின் பக்கத்தில் கனடா, மற்றதில் யாழ்ப்பாணம். முதலாவதில் உடனே சரி போட்டேன். இரண்டாவதில் பேனை நின்றது.

புவனா எட்டிப் பார்த்தாள். "போடுங்கோவன். ஆர் கேக்கப் போகினம்?"

யாரும் கேட்கவில்லைத்தான். போட்டேன். அடியில் திகதியையும்.