விளிம்பில் ஒரு வரி

பேசுகிறவரின் முகத்தை அந்த அம்மாள் நேரே பார்ப்பதில்லை. அரைவட்டமாக நடந்து பக்கவாட்டில் வந்து நின்றுகொள்கிறார். "நீங்க பேசுங்க, காது கேக்குது. எனக்கு மூக்கும் தாடையும்தான் வேணும்" என்கிறார்.

இருபத்தாறு வருடமாக எஃகு அச்சில் முகம் வெட்டுகிறார். பட்டறையில் எல்லாருக்கும் அவர் 'அச்சக்கா'. அங்கே அந்த அச்சால் ஒரு அவுன்ஸ் எடையுள்ள வெள்ளி வில்லைகள் அடிக்கிறார்கள். பழைய நாணயத்தின் சாயலில் இருக்கும், நாணயம் அல்ல. எந்த அரசும் வெளியிட்டதில்லை, கடையில் நீட்டினால் செல்லாது. வெள்ளியாகச் சேர்த்துவைக்க நினைப்பவர்கள், பார்க்கவும் அழகாக இருக்கட்டும் என்று வாங்குகிறார்கள்.

போன வருடம் அவர் வெட்டியது, நூறு வருடப் பழைய நாணயம் ஒன்றிலிருந்த பெண்முகம். மாதிரிக்குக் கிடைத்த காசு தேய்ந்துபோய் மூக்கையே காணோம். நாத்தனாரை ஜன்னலோரம் உட்காரவைத்து அவர் மூக்கை எடுத்துக்கொண்டார். "அவ மூக்கை நுழைக்காத இடமில்ல. வெள்ளியில மட்டும் எதுக்கு பாக்கி?"

நான்கு மாத உழைப்பு. கூந்தலுக்கு இடம் போதவில்லை என்று, 'வெள்ளி வில்லை, நாணயம் அல்ல' என்ற வரியை விளிம்பில் எறும்புக்கால் அளவுக்குச் சுருக்கினார். "லென்ஸ் வெச்சுப் பாத்தா தெரியும்ல?" என்று முதலாளியிடம் சொன்னதும் அவரேதான்.

சில மாதம் கழித்து, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் துணிப்பையோடு பட்டறைக்கு வந்தார். உள்ளே முப்பது வில்லைகள். பழங்கால நாணயம் என்று சொல்லி யாரோ அவர் தலையில் கட்டிவிட்டார்கள். மனைவியின் ஆபரேஷனுக்கு வைத்திருந்ததைக் கொடுத்து வாங்கியிருந்தார். விற்கப்போன நகைக்கடையில்தான் விஷயம் தெரிந்து, பட்டறையின் முத்திரையைப் பார்த்து இங்கே அனுப்பியிருந்தார்கள்.

"ஏதோ எழுதியிருக்காமே. எனக்குக் கண்ணுல படவே இல்ல. எங்க இருக்கும்மா?"

அச்சக்கா அவர் விரலைப் பிடித்து விளிம்பில் வைத்தார். விரலுக்கும் எதுவும் தட்டுப்படவில்லை.

"வெள்ளி அசல்தாங்க ஐயா. ஆனா பழசில்ல. இந்த முகத்த வெட்டுனது நான். எழுத்தைச் சின்னதாக்குனதும் நான்தான்."

பெரியவர் வில்லையைத் திருப்பிப் பார்த்தார். "முகம் ரொம்ப அழகா இருக்கும்மா" என்றார்.

"நாலு வார்த்தை திட்டியிருந்தா அன்னிக்கு தூங்கியிருப்பேன்" என்று, பட்டறைக்கு அடிக்கடி வந்துபோகும் என்னிடம் பிற்பாடு சொன்னார் அச்சக்கா. வெள்ளியின் விலைக்கு வில்லைகளைப் பட்டறையே திரும்ப எடுத்துக்கொண்டது. பெரியவர் கொடுத்ததில் பாதிகூட அது இல்லை. விற்றவன் அகப்படவேயில்லை.

பெரியவர் வந்துபோன மறுநாள் காலை நான் பட்டறையில் இருந்தேன். அந்த அச்சை நிறுத்தச் சொன்னார் அச்சக்கா. முதலாளி தயங்கினார்.

"நல்லா ஓடுற டிசைன் அக்கா. எவனோ ஏமாத்துனான். நாம என்ன தப்பு பண்ணோம்?"

"நீங்க பண்ணல."

"சரி, எழுத்தைப் பெருசாக்கி புதுசு வெட்டுங்க. அதுவரைக்கும் இது ஓடட்டுமே."

அச்சக்கா பிரஸ்ஸிலிருந்து அச்சைக் கழற்றினார். சாணைக்கல்லை ஓடவிட்டார். கூந்தல் இருந்த பக்கத்தைக் கல்லில் வைத்து அழுத்தி, எஃகு மொழுமொழுவென்று ஆகும்வரை கையை எடுக்கவில்லை.