இரண்டு அடுப்பும் ஒரு காந்தமும்

அடுப்பு விற்கிறவன் கடைக்குள் நின்று விற்றால் தப்பித்தான். அடுத்தவர் வீட்டுச் சமையலறைக்குள் கால் வைத்தால் மாட்டினான். மிக்சியோ தையல் மெஷினோ தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய என் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் பூந்தமல்லியில் ஒரு வீட்டு உபயோகச் சாமான் கடையில் எனக்கு வேலை. காஸ் சிலிண்டர் பதிந்தால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. முதலாளி இரண்டு வகை கரண்ட் அடுப்பு வரவழைத்தார். ஒன்று செராமிக். கறுப்புக் கண்ணாடிக்கு அடியில் கம்பி சிவக்கச் சிவக்கக் காயும். எந்தப் பாத்திரத்தையும் வைக்கலாம். ஆனால் சூடேற நேரமாகும், அணைத்த பிறகும் சூடு லேசில் இறங்காது. இன்னொன்று இண்டக்‌ஷன். அதில் அடுப்பு காயாது, பாத்திரம்தான் காயும், அதுவும் சட்டென்று. ஆனால் காந்தம் ஒட்டுகிற பாத்திரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'பீப் பீப்' என்று கத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடும்.

இரண்டையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போய், வீட்டில் இருக்கிற பாத்திரத்துக்கு எது சரிப்படும் என்று சொல்வது என் வேலை. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்று எப்போதும் சட்டைப் பையில் கனத்துக்கொண்டிருக்கும்.

காந்தம் ஒட்டிய வீடு

மாங்காட்டில் சேகர் என்று ஒரு வாடிக்கையாளர். வீட்டில் அவர் அம்மா ருக்மணி அம்மாளும், கல்யாணமாகி மூன்றே மாதமான மனைவி தேவிகாவும். சிலிண்டர் தீர்ந்து, மண்ணெண்ணெய் ஸ்டவ் புகையில் மூன்று பேருக்கும் கண் சிவந்திருந்தது. சீக்கிரம் சமைக்கிற இண்டக்‌ஷன்தான் வேண்டும் என்று சேகர் முன்பே முடிவு செய்திருந்தார். நான் பாத்திரங்களைப் பார்க்கப் போனேன். மேல் தட்டில் ருக்மணி அம்மாளின் எவர்சில்வர்கள், நல்ல கனம், முகம் பார்க்கலாம். ஒவ்வொன்றாகக் காந்தத்தை வைத்தேன். ஒன்றில்கூட ஒட்டவில்லை. வியாபாரம் போயிற்று என்று நினைத்தபோது, கீழ்த் தட்டில் 'தேவிகா' என்று பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்று கண்ணில் பட்டது. வைத்தேன், டக்கென்று பிடித்துக்கொண்டது. அதே தட்டில் ஏழு பாத்திரம். ஏழிலும் ஒட்டியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஒட்டுது! எல்லாமே ஒட்டுது!" என்று லாட்டரி விழுந்தவன் மாதிரி கத்தினேன்.

எவர்சில்வர் வாங்கப் போகும்போது நம் ஜனங்கள் காந்தம் வைத்துப் பார்ப்பது எதற்கு என்று எனக்குத் தெரியாதா? ஒட்டாவிட்டால் ஒசத்தி, ஒட்டினால் மட்டம் என்பது ஊருக்கே தெரிந்த கணக்கு. அடுப்பு விற்கிற அவசரத்தில் அந்த ஒன்றுதான் எனக்கு மறந்துபோயிற்று. அத்தனையும் வானகரத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிற தேவிகாவின் அப்பா, வருஷத்துக்கு ஒன்று என்று வாங்கிச் சேர்த்துக் கொடுத்த சீர். தேவிகா தலையைக் குனிந்துகொண்டாள். "இந்த அடுப்புக்கு இதுதாம்மா சரியான பாத்திரம்" என்று நான் முணுமுணுத்தது யார் காதிலும் விழவில்லை. ருக்மணி அம்மாள் பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"அப்பவே நெனச்சேன். மட்டமான ஏனமா பாத்து நம்ம தலைல கட்டிட்டுப் பூட்டான் பாரு இவ அப்பன்!"

காந்தம் இல்லாமல் ஒரு பால் காய்ச்சல்

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் அடுப்பை வைத்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பி வந்துவிட்டேன். அந்தப் பெண் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு மூன்று வேளையும் அதே சமையலறையில் அல்லவா நிற்க வேண்டும்? வந்த மூன்றே மாதத்தில் ஒரு பெண்ணின் பிறந்த வீட்டு மானத்தை வாங்க நான் ஒருத்தன் போதும் என்று என் மேலேயே ஆத்திரமாக இருந்தது. இனி எந்த வீட்டிலும் காந்தத்தை எடுப்பதில்லை என்று அதைக் கடை மேஜை டிராயரில் போட்டேன்.

அதன் பலன் குமணன்சாவடியில் கிடைத்தது. ஏகாம்பரம் என்பவர் புது வீடு கட்டியிருந்தார். புதுச் சுவரில் கரி பிடிக்கக் கூடாதாம், ஆகவே இண்டக்‌ஷனில்தான் பால் காய்ச்ச வேண்டுமாம். என்ன பாத்திரம் என்று நான் கேட்கவில்லை. நல்ல நேரம் ஏழு மணியோடு முடிகிறது. ஆறேகாலுக்கு அவர் மனைவி மஞ்சள் கொத்து கட்டிய புத்தம் புதுப் பித்தளைப் பானையைக் கொண்டுவந்து வைத்தார். அடுப்பு 'பீப் பீப்' என்றது. பால் வைத்தபடியே குளிர்ந்து கிடந்தது. வேறு பாத்திரத்தில் ஊற்றலாமே என்றேன். பூஜை செய்த பானையை மாற்றுவதா என்று ஐம்பது பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

ஓடிப்போய் ஸ்கூட்டரிலிருந்து செராமிக்கை அவிழ்த்து வந்தேன். புண்ணியத்துக்குப் பானையின் அடி தட்டை. அடுப்பு சிவந்து, பானை காய்ந்து, பாலில் ஆடை கட்டி, ஓரத்தில் நுரை தெரிவதற்குள் எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லாரையும் கூப்பிட்டுவிட்டேன். ஏழுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது பால் பொங்கி வழிந்தது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தவன், முதுகெல்லாம் பச்சை பெயின்ட் அப்பியதைக்கூடக் கவனிக்கவில்லை. ஏகாம்பரம் என் கையில் ஒரு டம்ளர் பாலைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"நீ எந்த அடுப்ப வோணா குட்த்துட்டுப் போ நைனா. ஆனா எங்க ஊட்ல அடுத்த விசேசம்னா, நீ மட்டும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தா போதும்."

ரெஜினா டீச்சர் வீட்டு மேசை

அன்றிலிருந்து நான் செராமிக் கட்சிக்குத் தாவிவிட்டேன். காந்தம் வேண்டாம், பாத்திரம் பார்க்க வேண்டாம், யார் அப்பா வாங்கியது என்ற பேச்சே வராது. அம்பத்தூரில் ரெஜினா டீச்சருக்கு வாய் வலிக்கப் பேசி ஒன்றை விற்றேன். "சமையல் முடிஞ்சா ஒரு தொடை தொடைச்சிட்டு மேசையா வெச்சிக்கலாம் டீச்சர்" என்றேன். 'ஆறின பிறகு' என்ற இரண்டு வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வந்த டீச்சரின் கணவர், அப்போதுதான் அணைத்த கறுப்புக் கண்ணாடியின் மேல் இரண்டு பால் கவரை வைத்துவிட்டு ஷூவைக் கழற்றப் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் கவர் உருகிக் கண்ணாடியோடு ஒட்டி, பால் முழுக்க வழிந்துவிட்டது. மறுநாள் பிளேடும் கையுமாகப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சுரண்டினேன். கண்ணாடிக்குக் கீறல் இல்லை, ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். டீச்சர் கோபப்படவேயில்லை. அதட்டியிருந்தால்கூடத் தேவலை. பரீட்சைத் தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, அமைதியாகச் சொன்னார்:

"மேசைன்னு சொன்னீங்க தம்பி. இத்தனை வருசத்துல எங்க மேசை ஒரு நாளும் பாலைக் குடிச்சதில்ல."

மறுபடியும் மாங்காடு

மழைக்காலம் முடிந்து ஒரு நாள், ருக்மணி அம்மாளும் தேவிகாவும் சாலையைத் தாண்டிக் கடையை நோக்கி வருவதைப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் அட்டைப் பெட்டிக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். முதலாளி உதவி செய்கிற மனுஷர். "அதோ அங்கதான் இருக்கான்" என்று கையைக் காட்டிவிட்டார்.

"இன்னாப்பா, ஒளிஞ்சிகினு கீறே? எய்ந்து வா இப்டி" என்றார் ருக்மணி அம்மாள். எழுந்து வந்தேன். அடுப்பு நன்றாக வேலை செய்கிறதா என்று கேட்க வாயெடுப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். "சிலிண்டர் இன்னும் வந்தபாடில்ல. சமையல் முச்சூடும் உன் அடுப்புலதான். என் ஏனத்த வெச்சா அது பீப்பு பீப்புன்னு என்னையே திட்டுது. இவ ஏனத்த வெச்சாதான் வேல செய்யுது. போன மாசம் இவ அம்மா ஊட்டுக்குப் போனா பாரு, ஏழு ஏனத்தையும் மூட்ட கட்டிகினு பூட்டா!"

நான் தேவிகாவைப் பார்த்தேன். அன்றைக்குக் குனிந்த தலை இன்றைக்கு நன்றாக நிமிர்ந்திருந்தது. "மட்டமான ஏனம்னு அத்தைதாண்ணா சொன்னாங்க. மட்டமானத அவங்க ஊட்ல எதுக்கு வெக்கணும்னு எடுத்துகினு போனேன்" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. ருக்மணி அம்மாளுக்கும்தான்.

"சிரிக்கிறியா? பத்து நாளு ஒரு வெந்நி வெக்க வழியில்ல எனக்கு. மறுபடி அந்த ஸ்டவ்வு, அந்தப் பொக. அப்பால நானே வானகரத்துக்கு பஸ் ஏறிப் போயி, அவங்க ஊட்ல குந்தி ஒரு வாய் காப்பி குட்ச்சிட்டு, இவளையும் ஏனத்தையும் இட்டாந்தேன்."

இத்தனை மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் அந்த நிமிஷமே இறங்கியது. அடுப்பே விற்காவிட்டாலும் பரவாயில்லை என்றிருந்தது. ருக்மணி அம்மாள் கையை நீட்டினார். "அந்தக் காந்தத்தக் குடு. ஏனக் கடைக்குப் போறோம்." நானும் கூட வரட்டுமா என்றேன். "நீ வாணாம். கத்துவே" என்றார். டிராயரைத் திறந்து காந்தத்தை எடுத்துக் கொடுத்தேன். எந்த மாதிரி பாத்திரம் வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, அதை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னார்:

"இவ அப்பாரு பாத்துப் பாத்து வாங்கினாரே, அதே கடைல, அதே மாதிரி எனக்கும் ஏழு."

இண்டக்‌ஷன் நல்லதா, செராமிக் நல்லதா என்று இன்றைக்கும் யாராவது என்னைக் கேட்டால், உங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் யார் வாங்கிக் கொடுத்தது என்று விசாரித்துக்கொண்டுதான் வாயைத் திறக்கிறேன்.