பதினோராம் தளத்தின் இரண்டு தூண்கள்

ராயிலி எந்தக் கடையில் காபி வாங்கினாலும் உடனே குடிக்கமாட்டாள். கோப்பையை மேசைமேல் வைத்து, கையை எடுத்துவிட்டு, காபியின் மேற்பரப்பைப் பார்ப்பாள். அசைவில்லை என்றால் குடிப்பாள். வட்ட வட்டமாக நெளிந்தால், எங்கே என்ன ஓடுகிறது என்று தெரியும்வரை தொடமாட்டாள். பெரும்பாலும் குளிர்பெட்டியின் மோட்டாராக இருக்கும். தெரிந்த பிறகும் முகம் தெளியாது.

லொக்கிலஹ்தி என்ற குளிர்நாட்டுத் துறைமுக ஊரில், கப்பல் கட்டும் தளத்தின் வடிவமைப்புப் பிரிவில், முப்பத்து நான்கு ஆண்டுகள் அதிர்வுக் கணக்குப் போட்டவள் அவள். ஒவ்வொரு இரும்புத் தளத்துக்கும் சொந்தமாக ஒரு துடிப்பு உண்டு. கப்பலைத் தள்ளும் புரொப்பல்லரும் ஒரு துடிப்போடு தண்ணீரை அடிக்கும். இரண்டும் ஒன்றாகிவிடக் கூடாது. ஒன்றானால் தளம் நடுங்கத் தொடங்கும், நடுக்கம் வளர்ந்துகொண்டே போகும். இரண்டையும் பிரித்து வைப்பதுதான் ராயிலியின் வேலை.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, ஒரு வெள்ளோட்டத்தில் பின்தளத்துச் சாப்பாட்டு மேசைகளைச் சுற்றியிருந்த காற்றுத்தடுப்புக் கண்ணாடி ஒன்று நொறுங்கி விழுந்தது. அங்கே அப்போது ஆள் இல்லை. அந்தத் தளத்தின் கணக்கு ராயிலி போட்டதும் இல்லை. துடைப்பத்தோடு போய் அள்ளியவள் மட்டும் அவள். மேசையின் மரத்தில் விரல் ஆழத்துக்கு ஒரு வெட்டு இருந்தது. அந்த வெட்டுக்கு நேரெதிரே நாற்காலி போட்டிருந்தார்கள். அன்று வந்த பயம் பிறகு போகவில்லை.

"கிலி ராயிலி" என்று கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேராகவே.

2006 பிப்ரவரியில் அந்தக் கூட்டம் நடந்தது. கரீபியன் பக்கம் ஓடப்போகும் சுற்றுலாக் கப்பல் அது. பதினோராம் தளத்தின் பின்கோடியில், கப்பலின் உடம்பைத் தாண்டி நான்கு மீட்டர் கடல்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் திறந்தவெளிச் சாப்பாட்டுத் தளம். நூற்று நாற்பது பேர் உட்காரலாம். விளிம்பைத் தாங்க இரண்டு தூண்கள் வரைந்திருந்தார்கள். கீழ்த்தளத்திலிருந்து சாய்வாக எழுந்து மேசைகளுக்கு நடுவே புகுந்து நிழற்கூரையைத் தொடும் தூண்கள்.

திட்டத் தலைவர் எஸ்கோ பேனாவால் வரைபடத்தைத் தட்டினார்.

"கப்பல் வாங்குறவங்க ஒரே பிடியா நிக்கிறாங்க. கடலைப் பாத்துக்கிட்டே சாப்பிடணும்னு வர்றவன் தூணைப் பாத்துக்கிட்டா சாப்பிடுவான்? ரெண்டையும் எடுத்துடலாம். யாருக்காவது ஆட்சேபணை?"

ஒன்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. அங்கே கூட்டம் அப்படித்தான் நடக்கும். மறுப்பு உள்ளவன் வாய் திறப்பான், மற்றவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ராயிலியும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூண் இல்லாத தளத்தின் துடிப்பை மனத்துக்குள் பிடிக்க முயன்றாள். எண் முழுசாக வரவில்லை. வராத எண்ணைச் சொல்ல அவளுக்கு வாய் எழாது. நான்கு வினாடி போயிருக்கும். எஸ்கோ பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

எண் வந்தது ஒன்பது நாள் கழித்து. வினாடிக்கு ஒன்பது புள்ளி எட்டு. முழு வேகத்தில் புரொப்பல்லரின் நான்கு இதழ்களும் சேர்ந்து அடிக்கும் அடி வினாடிக்குப் பத்து. தாளை எடுத்துக்கொண்டு எஸ்கோவின் அறைக்குப் போனாள்.

"கூட்டக் குறிப்புல ஆட்சேபணை இல்லன்னு எழுதியிருக்கு. நீயும் அந்த ரூம்லதான இருந்த?"

"கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன், எஸ்கோ."

"கணக்கு மனசுல ஓடுச்சு. வாய் சும்மாத்தான இருந்துச்சு?"

அதற்குள் தூணில்லாத படம் கப்பல் வாங்குபவர்களின் விளம்பரப் புத்தகத்தில் அச்சாகிவிட்டது. கடைசியில் தளத்துக்கு அடியில் கூடுதல் விட்டங்கள் போட்டார்கள். நூற்று நாற்பது பேர் உட்கார்ந்த தளத்தின் எண் பதினொன்றுக்கு ஏறியது. பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே ஒன்றுதான் இடைவெளி. அவள் கேட்டது இரண்டு.

அந்த விட்டங்களை வெல்டிங் செய்த குழுவில் அவள் கணவன் ஔலிஸும் இருந்தான். கோடை முழுவதும் அவள் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"என்னடி, என் வெல்டிங்கு மேல நம்பிக்க இல்லையா?"

"உன் வெல்டிங்க நம்புறேன். என் நம்பரைத்தான் நம்பல."

"கப்பல் முழுகுனாக்கூட உன் கணக்குப்படி முழுகணும் உனக்கு" என்றான். சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அக்டோபரில் வெள்ளோட்டம். மூன்றாம் நாள் வியாழக்கிழமை. காலைக் கூட்டத்தில் எஸ்கோ சொன்னார்: "பன்னண்டு மணிக்கு முழு வேகம். காத்து சாதகமா இருக்கு, நாளைக்கு இருக்காது. யாருக்காவது ஆட்சேபணை?" யாரும் பேசவில்லை. ராயிலிக்கும் அப்போது சொல்ல ஒன்றும் இல்லை. தளம் காலியாக இருக்கும், காலியாக இருந்தால் துடிப்பு பன்னிரண்டு. அதிர்வுமானிகளை ஒட்டிவிட்டு வேடிக்கை பார்த்தால் போதும் என்று இருந்தாள்.

பதினொன்றரை மணிக்குப் பதினோராம் தளத்துக்கு ஏறியபோது, சமையல்காரர்கள் மூன்று பெரிய அண்டாக்களைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தாள். பட்டாணிச் சூப்பின் வாசனை.

வியாழக்கிழமை என்றால் அந்த ஊரில் பட்டாணிச் சூப். அது மறக்கக்கூடியது இல்லை, ஆனால் மறந்திருந்தாள். புதுக் கப்பலின் முதல் வியாழக்கிழமைச் சூப்பை, குளிரானாலும் மழையானாலும், திறந்தவெளித் தளத்தில்தான் குடிப்பார்கள். வெல்டர், குழாய்க்காரர், மின்காரர், வண்ணம் அடிப்பவர் எல்லாரும். கட்டியவர்கள் சாப்பிட்ட பிறகுதான் பயணிகள் சாப்பிடலாம் என்பது அவர்கள் வழக்கம்.

"எத்தனை கிண்ணம்?" என்று கேட்டாள்.

"இருநூத்தி முப்பது. இன்னும் வந்தாலும் வரும். பான்கேக் இருக்குன்னு சொல்லிட்டோம்ல."

அவள் கணக்கில் இருந்தது நூற்று நாற்பது விருந்தினர், எழுபத்தைந்து கிலோ வீதம், நாற்காலிகளில் பரவலாக. இங்கே வரப்போவது இருநூற்று முப்பது பேர். கனத்த பூட்ஸ், கனத்த சட்டை. பெரும்பாலோர் நிற்பார்கள். எல்லாரும் கப்பல் கிழித்துப் போகும் நுரையைப் பார்க்க விளிம்புக்குத்தான் போவார்கள். எடை கூடினால் துடிப்பு இறங்கும். சூப்பில் கலக்கும் கடுகு விழுது டப்பாவின் அட்டை மூடியை எடுத்து அதன்மேலேயே கணக்குப் போட்டாள்.

பத்து புள்ளி ஒன்று.

எஸ்கோ மேல்படியில், கப்பல் வாங்கும் கம்பெனி ஆளோடு நின்றுகொண்டிருந்தார். ராயிலி மூடியை நீட்டினாள்.

"வேகத்தைக் கூட்டாதீங்க. இல்லன்னா இவங்களை உள்ள அனுப்புங்க."

"காலைல கேட்டேனே."

"காலைல சூப்பு ஞாபகம் வரல."

எஸ்கோ மூடியைப் பார்த்தார், கம்பெனி ஆளைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "ஓட்டம் ஆரம்பிச்சாச்சு, ராயிலி. இப்ப நிறுத்துனா நாள் போச்சு. பசியோட இருக்கிற இருநூறு பேரை எழுப்பச் சொல்றியா? வேணும்னா நீ சொல்லு. நான் சொல்லமாட்டேன்."

ஒலிபெருக்கி, புரொப்பல்லர் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று அறிவித்துக்கொண்டிருந்தது. நூற்று முப்பது. முழு வேகம் நூற்று ஐம்பது.

தளம் நிறைந்திருந்தது. கிண்ணங்களிலிருந்து ஆவி எழுந்தது. ஆள்கள் வெங்காயமும் கடுகும் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஔலிஸ் விளிம்புக் கண்ணாடியில் முதுகைச் சாய்த்து நின்று குடித்துக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் கடல். கீழே முப்பது மீட்டர்.

"எல்லாரும் உள்ள போங்க" என்றாள் ராயிலி.

யாருக்கும் கேட்கவில்லை. பெஞ்சுமேல் ஏறினாள். கால் நடுங்கியது. தன் கால்தானா, தளமா என்று ஒரு கணம் தெரியவில்லை.

"உள்ள போங்க! கிண்ணத்தை எடுத்துக்கிட்டு உள்ள போங்க!"

திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவன் விசில் அடித்தான்.

"கிலி வந்துடுச்சுடா."

"ராயிலி, சூப்பு சூடா இருக்கு, ஊதிக் குடி, பயப்படாத."

"ஔலிஸ், உன் பொண்டாட்டிய எறக்கு. பெஞ்சு உடைஞ்சா அதுக்கும் கணக்குப் போடுவா."

எல்லாரும் சிரித்தார்கள். ஔலிஸும் சிரித்தான். அதைத்தான் அவள் பிறகு பலமுறை சொன்னாள். கோபமாக இல்லை. சிரிக்கும்போது அவன் தோள் கண்ணாடியில் எப்படி அழுந்தியது என்பதைச் சொல்லுவாள்.

நூற்று நாற்பத்து நான்கு.

கீழே இறங்கினாள். அதிகமாகச் சத்தம் போட்ட வெல்டருக்கு முன்னால், அவன் காபிக் கோப்பையை மேசை நடுவில் நகர்த்தி வைத்தாள். "கையை எடு. பாரு" என்றாள்.

காபியில் ஒரு வட்டம். பிறகு அடுத்தடுத்து வட்டங்கள். நூற்று நாற்பத்து ஆறு. வட்டங்கள் நெருங்கின. நூற்று நாற்பத்து எட்டு. வட்டங்கள் உடைந்து காபி சின்னச் சின்ன முட்களாக எழுந்து நின்றது. மேசைமேல் கரண்டிகள் தாமாக நகரத் தொடங்கின. பிறகு பூட்ஸ் வழியாக வந்தது. பல்லுக்குள் ஏறும் ஒரு முனகல். சிரிப்பு எங்கே நின்றது என்று யாருக்கும் தெரியாது. விளிம்புக் கண்ணாடிகள் ஒரே சுருதியில் பாடின.

வெல்டர் எழுந்தான். கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தான். அவன் மேசைக்காரர்கள் எழுந்தார்கள். பிறகு எல்லாரும். ஓடவில்லை. யாரும் யாரையும் தள்ளவில்லை. இருநூற்று முப்பது பேர் சூப்புக் கிண்ணத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தங்கள் காலடியில் இருக்கும் இரும்பைக் கேட்டபடி நடந்தார்கள். கதவு இரண்டுதான். ஔலிஸ் கடைசியில் நின்றான். ராயிலி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட நினைத்தாள்.

அவன் கண்ணாடியை விட்டு இரண்டடி வந்திருப்பான். பின்னால் டக் என்று ஒரு சத்தம். அவன் சாய்ந்திருந்த கண்ணாடிப் பலகையின் மூலையிலிருந்து குறுக்கே ஒரு கோடு ஓடியது. நடுவில் ஒட்டுத்தாள் வைத்த கண்ணாடி, அதனால் விழவில்லை. கோட்டோடு அப்படியே நின்றது.

தளம் காலியாகக் காலியாக முனகல் இறங்கியது. நூற்று ஐம்பதில், ஆள் இல்லாத தளம் அமைதியாகவே இருந்தது. மேசைகளில் மறந்து விட்டுப்போன காபிகளில் ஒரு வட்டமும் இல்லை.

அதுதான் ராயிலியை அதிகம் பயமுறுத்தியது. காலித் தளம் அவளைப் பொய்யாக்கிவிடும்.

அப்படித்தான் ஆனது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் கண்ணாடியைப் பற்றி ஒரு வரி பேசினார்கள். பொருத்தும்போது மூலை நெரிந்திருக்கலாம் என்றார்கள். கம்பெனி ஆள் அமைதியாகச் சொன்னார்: விருந்தினர் நூற்று நாற்பது பேர்தான், அந்த எடைக்குத் தளம் தேறிவிட்டது. எஸ்கோ தலையசைத்தார்.

"வாசல்ல ஒரு பலகை வெச்சுடலாம். நூத்தி நாப்பது பேருக்கு மேல கூடாதுன்னு. யாருக்காவது ஆட்சேபணை?"

ஒன்பது பேர் மேசையைப் பார்த்தார்கள். ராயிலியின் கை மேசைக்கு அடியில் முழங்காலைப் பிடித்திருந்தது. ஒரு வினாடி. இரண்டு. பலகையைக் கூட்டம் படிக்காது என்று அவளுக்குத் தெரியும். துறைமுகம் விட்டுக் கிளம்பும் மாலையில் நூற்றுக்கணக்கானவர்கள் கையசைக்க அங்கேதான் வருவார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு விளிம்புக்கு வருவார்கள். எஸ்கோவின் விரல் தாளின் மூலைக்குப் போனது.

"இருக்கு" என்றாள்.

"என்னது?"

"எனக்கு ஆட்சேபணை இருக்கு. தூணு ரெண்டும் திரும்ப வரணும். குறிப்புல எழுதுங்க. என் பேரோட."

எழுத வேண்டியதாயிற்று. எழுதிய ஆட்சேபணையைத் தாண்டிக் கையெழுத்துப் போட யாரும் முன்வரவில்லை. கப்பலை ஐந்து வாரம் தாமதமாக ஒப்படைத்தார்கள். தூண்கள் வந்தன. துடிப்பு பதினான்கு. எஸ்கோ ஒரு வருடம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை சாப்பாட்டு அறையில் எதிரே வந்து உட்கார்ந்தார், கடுகு டப்பாவை அவள் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான்.

அவள் பயம் குறைந்ததா என்றால் இல்லை. ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று வாரம் ஒருமுறை பார்ப்பாள். ஏறச் சொல்லி மகள் கிர்சி மூன்று முறை கேட்டாள். "நான் போட்ட கணக்கு மேல உக்காந்து என்னால சாப்பிட முடியாது" என்று சொல்லிவிட்டாள்.

இந்த மார்ச் மாதம் ராயிலி இறந்தாள். கடைசி வாரம் மருத்துவமனையில், கட்டிலருகே இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். "என்னமோ ஓடுது. என்னன்னு பாரு" என்றாள். கிர்சி சுவரில் கைவைத்துப் பார்த்தாள், தரையில் கைவைத்துப் பார்த்தாள். காற்றுக்குழாய்ப் பெட்டியின் பிடிமானம் ஒன்று தளர்ந்திருந்தது. ஒரு துணியை மடித்துச் செருகினாள். டம்ளரில் நெளிவு நின்றது. ராயிலி ஒரு வாய் குடித்தாள்.

செப்டம்பரில் கிர்சி அந்தக் கப்பலில் ஏறினாள். பதினோராம் தளம், கப்பல் கிளம்பும் மாலை. விளிம்பு முழுக்க ஆள்கள், குழந்தைகள் தோள்மேல். எண்ணிப் பார்த்தாள். முந்நூற்றுப் பத்தில் விட்டுவிட்டாள். தூணுக்குப் பின்னால் இருந்த மேசை மட்டும் காலியாக இருந்தது. பரிமாறுபவர் வந்து வருத்தம் தெரிவித்தார்.

"இங்கேருந்து கடல் தெரியாதுங்க. யாராவது இந்தத் தூணைத் திட்டாத நாள் இல்ல. வேற மேசை காலியாகும், கொஞ்சம் இருங்க."

"வேண்டாம்" என்றாள் கிர்சி. "இதுவே போதும்."

காபி வந்தது. கோப்பையை மேசைமேல் வைத்துக் கையை எடுத்தாள். கப்பல் வேகம் பிடித்தது. பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள், அம்மாவைப் போலவே. காபி அசையவில்லை. நெடுநேரம் அசையவில்லை. ஆறிப்போகும்வரை அவள் அதைத் தொடவும் இல்லை.