தாணப்பன் அண்ணாச்சியின் பிரெஞ்சு அவியல்

தேரூர் தாணப்பன் அண்ணாச்சி எழுபத்திரண்டு வயது வரை அடுப்புப் பற்றவைத்ததில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாண வீட்டிலும் அவர் அவியலைத் தொட்டு நாக்கில் வைக்கும்வரை சமையற்காரர்களுக்கு மூச்சு வராது. சீரகம் கூடிவிட்டது என்று பந்தியிலிருந்தே கூப்பிட்டுச் சொல்வார். மனைவி உயிரோடு இருந்தபோது இந்த உபகாரம் அந்த அம்மாளுக்கு மூன்று வேளையும் கிடைத்தது.

போன ஆண்டு மனைவி போனார். இந்த ஆண்டு அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், இரண்டு மாதம் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். டாக்டர் தேங்காயை நிறுத்தச் சொன்னார். நெஞ்சுவலியைவிட அதுதான் அவரை அதிகம் படுக்கவைத்தது.

என் இரண்டு மாதம் முடியும் ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து மகள் லட்சுமிப்ரியா வருவதாக இருந்தது.

"அப்பா ஒரு வேளை தனியா ஆக்கிக் காட்டட்டும். இல்லேன்னா கையோட கூட்டிட்டு வந்துருவேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். அங்கே அவள் இருப்பது ஒன்பதாவது மாடி. அண்ணாச்சிக்கோ வயலைப் பார்க்காமல் பல் தேய்க்கவே வராது.

செய்முறையையும் அவளே அனுப்பினாள். பிரெஞ்சுக்காரர்கள் வைக்கும் ரட்டட்டூயி. வெங்காயம், பூண்டு, கத்திரிக்காய், குடமிளகாய், தக்காளி எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கி, தண்ணீர் ஊற்றாமல் மூடி, சிறு தீயில் முக்கால் மணி நேரம் விட வேண்டும். அதில் சொன்ன ஒரு காய் வடசேரி சந்தையில் இல்லை; பிஞ்சுச் சுரைக்காய் வாங்கினேன். வாசனை இலைக்குப் பதில் கற்பூரவல்லி.

"தேங்கா எப்பம் அரைக்கணும்?"

"அரைக்காண்டாம் அண்ணாச்சி."

"அப்பம் அவனுவ எப்பிடித் திங்குதானுவ?"

"வாயாலதான்."

அந்த வாரம் மூன்று முறை வைத்துப் பழகினார். முதல் நாள் அடிப்பிடித்தது. இரண்டாம் நாள் நிமிடத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து பார்த்ததில் வேகவே இல்லை. மூன்றாம் நாள் அரைமூடித் தேங்காயோடு பிடித்தேன். "சும்மா மோந்து பாத்தேன்" என்றார்.

ஞாயிறன்று காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். "எலிசாம்மா, என்னய ரயில்ல ஏத்திருவாளா?"

"வாயத் தொறக்காம வெளம்புங்க. பொழச்சுக்கிடுவீங்க."

தட்டில் விளம்பினார். லட்சுமிப்ரியா ஒரு வாய் எடுத்தாள். "நல்லாத்தான் இருக்குப்பா."

வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

"நல்லா இருக்கா? ஒனக்கு நாக்கு செத்துப் போச்சா மக்கா? கத்திரிக்கா கொழைஞ்சு கெடக்கு. சொரைக்கா வேகல்ல. உப்பு ஒரு கல்லு கம்மி. இதப் பந்தியில வச்சா எலைய மடக்கிட்டு எந்திச்சிருவானுவ."

மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். பலனில்லை. அவள் கட்டிக்கொண்டு வந்திருந்த சப்பாத்தி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "இது ஆரு சுட்டது? தோலு மாதிரில்லா இருக்கு."

லட்சுமிப்ரியா என் பக்கம் திரும்பினாள். "எலிசாம்மா, எங்க வீட்டுல தெனமும் நாந்தான் சமைக்கேன்."

"தெரியும்."

"இவரு இங்கயே ஆக்கித் திங்கட்டும்."

அவருக்கென்று எடுத்திருந்த டிக்கெட்டை அங்கேயே உட்கார்ந்து போனில் ரத்து செய்தாள். அண்ணாச்சி அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. சட்டியைச் சாய்த்து அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு சொரைக்காய மொதல்ல போடணும்" என்றார்.