டேப் விசையில் வந்த சேதிகள்

கையுறை ரப்பரும் தேங்காய் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை கணினியின் விசைப்பலகையில் வீசும் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் குன்றத்தூரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில், பள்ளி விட்டு வந்ததும் நான் முதலில் தேடியது அதைத்தான். அம்மா ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை செய்தாள். "செகண்ட் ஷிப்ட்" வாரங்களில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவள் தூக்கத்தில் இருப்பாள், நான் திரும்புவதற்குள் கம்பெனி பஸ் அவளை ஏற்றிப் போயிருக்கும், அவள் வரும்போது நான் தூங்கிவிட்டிருப்பேன். லாரி ஓட்டிய அப்பா பாதி நாள் வெளியூரில். "ஷிப்ட் முடிச்சு தூங்கறவங்கள எழுப்பக் கூடாது" என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

அந்த வாரங்களில் எங்களைச் சேர்த்து வைத்தது, பழைய கணினியோடு இலவசமாக வந்த ஒரு விண்வெளி ஆட்டம். நட்சத்திரங்களுக்குக் கப்பல் அனுப்பிக் கோள்களைப் பிடிக்க வேண்டும். நம் முறை முடிந்து "என்டர்" தட்டினால்தான் எதிரி நகர்வான், அதுவரை அண்டமே அசையாது. அம்மா மயங்கியது அதில்தான். "கம்பெனில லைன் ஒரு நிமிசம் நிக்காது கண்ணு. இது பாரு, நாம வர்ற வரிக்கும் நின்னுகினு கீது" என்பாள். காலையில் அவள் கொஞ்சம், மாலையில் நான் கொஞ்சம் என்று ஒரே ஆட்டத்தை இருவரும் ஆடினோம். முதலில் பிடித்த கோளுக்கு அவள் பிறந்த ஊரான பிள்ளைப்பாக்கத்தின் பெயரையே வைத்தாள். "அங்க நெலத்த வித்தாச்சு, இங்க புட்சிக்கினோம்" என்று அதற்கு ஒரு சிரிப்பு வேறு.

மவுஸ் பாதி நேரம் மக்கர் செய்ததால் விசைகளை நம்பியே பிழைத்தோம். வேலை முடிந்தால் மேசையைத் துடைக்கும் கம்பெனிப் பழக்கத்தில் அம்மா ஒருநாள் விசைப்பலகையைத் துணியால் துடைக்க, திரையில் படம் தாவித் தாவி ஓடியது. கட்டளையில்லாமல் நிற்கும் கப்பல்களை ஒவ்வொன்றாகக் காட்டுவது "டேப்" என்று அப்படித்தான் தெரிந்தது. "எஸ்" தட்டினால் கப்பல் தூங்கிவிடும். எதிரி அருகே வரும்வரை டேப் அதைக் காட்டாது. சும்மா நிற்கிற மெஷினை அணைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அம்மாவின் கொள்கை, ஆகவே கிளம்பும் முன் சும்மா நிற்கும் கப்பல்களையெல்லாம் தூங்க வைத்தாக வேண்டும்.

கப்பல்களுக்குப் பெயர் மாற்றலாம் என்று கண்டுபிடித்தவள் நான். அதன்பின் ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் விவரம் சொல்லிப் போவதுபோல, எங்கள் சேதிகளைக் கப்பல்கள் சுமந்தன. டேப் தட்டினால் "குழம்பு", இன்னொரு தட்டில் "அடுப்பு மேல", அதற்கடுத்து "சூடு பண்ணு". சேதிக் கப்பல்களை மட்டும் தூங்க வைக்கக் கூடாது.

ஆறாம் வகுப்பில் பேச்சுப் போட்டிக்கு என் பெயர் கொடுத்திருந்தார்கள். அம்மா வர வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. தூக்கத்தைக் கெடுத்துக் கூப்பிட மனமில்லை. முந்தின மாலை பிள்ளைப்பாக்கத்தில் நின்ற மூன்று கப்பல்களுக்கு "பதினோரு மணி", "ஸ்கூல்ல பேசறேன்", "வாம்மா" என்று பெயர் வைத்தேன். வைத்த கையோடு, பழக்க தோஷம், மூன்றையும் "எஸ்" தட்டித் தூங்க வைத்துவிட்டேன். மறுநாள் பள்ளியில் வரிசையில் நிற்கும்போதுதான் அது உறைத்தது. அம்மா எத்தனை முறை டேப் தட்டினாலும் என் சேதி அவள் கண்ணில் படப்போவதில்லை.

மேடையேறியதும் வணக்கத்துக்குப் பிறகு எல்லாம் மறந்துபோனது. கண்ணில் நீர் முட்ட வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது கம்பெனி யூனிஃபார்மோடு, அடையாள அட்டை கழுத்தில் ஆட, சாப்பாட்டுப் பையை இடுக்கிக்கொண்டு அம்மா ஓட்டமும் நடையுமாக வந்தாள். மறந்ததெல்லாம் மடமடவென்று வந்தது. மூன்றாம் பரிசு வாங்கினேன். பேசியவர்களே மூன்று பேர்தான்.

"எப்டிம்மா பாத்த? தூங்க வச்சிட்டேனே" என்றேன்.

"என்டர் தட்டினேன். பிள்ளைப்பாக்கத்துல எதிரி வந்து நின்னான். ஒன் கப்பலுங்க எழுந்துச்சிங்க" என்றாள், மூச்சு வாங்க. "என்னை எழுப்பி சொன்னா இன்னாடி?"

"தூங்கறவங்கள எழுப்பக் கூடாதுன்னு நீதானே சொன்ன."

அம்மா என் ரிப்பனை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். பிறகு, "அந்த ரூலு ஒனக்குக் கெடையாது" என்றாள்.

"அப்ப பிள்ளைப்பாக்கம்?"

"அவன் நிப்பான். நான் வர்ற வரிக்கும் நீ நிப்பியா?" என்று சொல்லிவிட்டு, அங்கிருந்தே பஸ் பிடிக்கப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிப் பிள்ளைப்பாக்கத்தைத் தோற்றோம்; அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் தோற்றதில்லை.

அந்தக் கணினி காயலான் கடைக்குப் போய்விட்டது. மாடி வீட்டை இடித்துவிட்டார்கள், அம்மாவும் வேலையை விட்டுவிட்டாள். இன்று ஒரகடத்தில் ஷிப்டுக்குப் போகிறவள் நான். எதையும் செல்பேசியில் சொல்லிவிடலாம் என்பதால் எந்தச் சேதியும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. சென்ற மாதம் அதே ஆட்டத்தின் புதிய பதிப்பை மடிக்கணினியில் ஏற்றினேன். என்னோடு தங்க வந்திருந்த அம்மா அதைப் பார்த்தாள். மறுநாள் வேலை முடிந்து வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆட்டத்தைத் திறந்து டேப் தட்டினேன். "ரசம்" என்றது ஒரு கப்பல். "சூடு பண்ணு" என்றது அடுத்தது. "சாப்ட்டு எழுப்பு" என்றது மூன்றாவது. தட்டிக்கொண்டே போனேன், சும்மா நின்றவை உட்பட எல்லாக் கப்பல்களும் வரிசையாக வந்தன. ஒன்றைக்கூட அம்மா தூங்க வைத்திருக்கவில்லை.