வாய் செத்த பிள்ளை

எங்கள் ஊரில் பெண் பிள்ளைக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு, "வாய் செத்த பிள்ளை" என்பது. அந்தப் பாராட்டை வாங்கித்தான் நான் படித்தேன். கோவில்பட்டிக் கல்லூரிக்குப் போன பஸ்ஸில் யார் இடித்தாலும் வீட்டில் சொல்ல மாட்டேன். சொன்னால் இடித்தவனுக்கு ஒன்றும் ஆகாது. என் படிப்புதான் நிற்கும். அப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு எங்கள் குடும்பத்தின் முதல் பட்டத்தை வாங்கினேன். அதில் எனக்குப் பெருமை உண்டு.

தங்கை வேறு மாதிரி. பதினொன்றாம் வகுப்பு படிக்கையில், தை மாதத்தில் ஒருநாள், உரசிய ஆளின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கும்வரை கத்தினாள். அவனை வழியிலேயே இறக்கிவிட்டார்கள். அவள் வீடு சேருமுன் செய்தி சேர்ந்துவிட்டது.

காட்டில் பாசிப்பயறு எடுத்துவிட்டு வந்த அம்மா கால்கூடக் கழுவவில்லை.

"நாளையிலருந்து எங்கூட காட்டுக்கு வா. ஊரே சிரிக்குது. ஒங்க அக்காவும் இதே பஸ்லதான போனா, ஒரு சத்தம் உண்டுமா, ஏட்டி?"

தங்கை என்னைப் பார்த்தாள்.

"எனக்கும் நடந்துச்சும்மா," என்றேன். "நீ படிப்ப நிறுத்திருவேன்னுதான் சொல்லல."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா சுவரைப் பார்த்தார்.

வாசலில் எதிர்வீட்டு அத்தை நின்றிருந்தாள். பஸ்ஸுக்குப் பயந்து, பத்தாவதோடு மகளை உள்ளூர்த் தீப்பெட்டி ஆபீசு வேலைக்கு அனுப்பியவள்.

"மதினி, இவள நிறுத்திராதீய. வார ஜூன்ல எம்பிள்ளையவும் இவகூட பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம்னு இருக்கேன்."

"இந்த வாயாடிய நம்பியா?"

"வாயாடின்னுதான் நம்புதேன். ஒங்க மூத்தவகூட அனுப்பி என்ன செய்ய? பக்கத்துல இடி விழுந்தாலும் அது வாயத் தொறக்காது."

அப்பா சிரித்துவிட்டார். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அத்தையின் பயம் குறையவில்லை. மகளை யாரும் தொட்டுவிடக் கூடாது என்ற அதே பயம்தான். நேற்றுவரை வாயில்லாதவளைக் கொண்டாடிய பயம், இன்று கத்துகிறவளைத் தேடி வந்திருந்தது.

"சரி, ரெண்டு பேருமா போங்க," என்றாள் அம்மா.

நான் இப்போது வேலைக்குப் போவதும் அதே பஸ்ஸில்தான். ஜூனில், முதல் நாள் கூட்டத்தில், அத்தை மகளை ஒட்டி ஓர் ஆள் வந்து நின்றார். தங்கை வாயைத் திறக்குமுன், "அண்ணாச்சி, தள்ளி நில்லுங்க," என்றாள் அத்தை மகள். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் நகரவில்லை.

இன்னொரு தரம் சொன்னாள். இந்தத் தரம் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.