லூர்து இயக்கிய இரண்டாம் பாகம்

பூதலூர் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சுவரில் நேற்று ஒரு போஸ்டர் பார்த்தேன். குத்துச்சண்டைப் படம், இரண்டாம் பாகம். கதாநாயகனே இந்த முறை இயக்குநராம். அவன் பெயர் இரண்டு இடத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. முதல் பாகத்தை இயக்கிய புண்ணியவான் பெயரைத் தேடினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் தேடினேன். இல்லை. "முன்னபின்ன தெரியாத ஆள் மேல ஏன் இப்படிப் பல்லைக் கடிக்கிறீங்க?" என்றாள் மனைவி. தெரியாத ஆளா? எனக்கா?

உங்களிடம் சொல்வதற்கென்ன. எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவில் ஒரு வருஷம் குத்துச்சண்டை நாடகம் போட்டோம். எழுதியது நான், இயக்கியது நான். குத்துச்சண்டையை நான் கண்ணால் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். எங்கள் ஊரில் யார்தான் பார்த்திருந்தார்கள்? கதாநாயகன் என் சிநேகிதன் லூர்து. ரைஸ்மில்லில் மூட்டை தூக்கித் தூக்கித் தோள் இரண்டும் திமிறிக்கொண்டு நிற்கும். கையுறை தைக்க அவன் அம்மாவின் தலையணையைப் பிரித்தோம். இன்றைக்கும் இலவம்பஞ்சு வாசனை மூக்கில் ஏறினால் எனக்குத் தும்மலோடு கோபமும் வந்துவிடும்.

அந்த நாடகத்தில் கதாநாயகன் தோற்றுப்போவான். பெண்களெல்லாம் மூக்கைச் சிந்தினார்கள். அடுத்த வருஷம் அவன் ஜெயித்தே ஆகவேண்டும் என்று ஊரே கேட்டது. நான் பேனாவைத் திறப்பதற்குள் லூர்து சைக்கிளில் வந்து இறங்கினான்.

"மாப்ள, ரெண்டாம் பாகத்த நானே எழுதிட்டேன். டைரக்‌ஷனும் நானே பாத்துக்குறேன். நீ எதிராளியா வந்து கடைசியில விழு, போதும்."

வயிறு எரிந்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். மேடை ஆசை யாரை விட்டது?

எங்கள் பக்கத்தில் நடிப்பு பிடித்துவிட்டால் காட்சி முடியும்வரை யாருக்கும் பொறுக்காது. மேடையேறி நடிகருக்குத் துண்டு போர்த்துவார்கள், மைக்கில் போர்த்தியவர் பெயரைச் சொல்வார்கள், அதுவரை நாடகம் நிற்கும். அன்று நான் குத்தக் கை ஓங்கும்போதெல்லாம் யாராவது துண்டோடு வந்தார்கள். அத்தனையும் லூர்துக்கு. கையுறை போட்ட கையால் அவனால் அவற்றை எடுக்கவும் முடியவில்லை; கழுத்து மறைந்து மூக்குவரை துண்டு. எதிரே நான், ஓங்கிய கையும் வெறும் தோளுமாக நின்றேன். என் சொந்தச் சித்தப்பாவே என்னைத் தாண்டிப் போய் அவனுக்குப் போர்த்தினார்!

கடைசிக் குத்து விழுந்தது. நான் விழவில்லை. இன்னொரு குத்து. ம்ஹூம்.

"விழுடா," என்றான் துண்டுகளுக்குள்ளிருந்து.

"எனக்கும் ஒரு துண்டு வரட்டும், விழுறேன்."

 லூர்து இரண்டு கையுறைகளுக்கும் நடுவில் இடுக்கி, தன் தோளிலிருந்து ஒரு துண்டை உருவி எனக்குப் போர்த்திவிட்டான்.  பொத்தென்று விழுந்தேன். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எதிரியையும் மதிக்கிற வீரனாம்; அவர்களாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். "டைரக்‌ஷன்னா இதுய்யா!" என்று யாரோ கத்தியதைப் படுத்தபடியே கேட்டேன். அட, அந்தக் காட்சியே என்னால் வந்ததுய்யா!

மைக்கில் நன்றி சொன்னபோது வார்த்தைக்கு வார்த்தை "என் நாடகம்" என்றான். ஒரே ஒரு தடவை "நம்ம நாடகம்" என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? கல்யாண வீடுகளிலும் டீக்கடையிலும் அதைச் சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன். கடைசியில் அவன் படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்திலும் ஆரம்பித்தேன். "அத இன்னும் விடலியா நீ?" என்று சிரித்தானே தவிர, "நம்ம" என்று சொல்லவில்லை.

இப்போது திருவிழாவுக்கு யாரும் மேடை போடுவதில்லை. பெரிய திரை கட்டிப் படம் ஓட்டுகிறார்கள். போன மழைக்காலத்தில் லூர்தும் போய்விட்டான். இருந்திருந்தால் இந்தப் படத்துக்கு அவனை இழுத்துக்கொண்டு போயிருப்பேன். இடைவேளையில் முறுக்கைக் கடித்தபடி, "இதெல்லாம் ஒரு ரெண்டாம் பாகமா மாப்ள?" என்று நிச்சயம் ஆரம்பித்திருப்பான். அதற்கடுத்த வார்த்தை "என்னோட நாடகம்" என்று வருமா, "நம்மளோட நாடகம்" என்று வருமா? கேட்கவிடாமல் போய்விட்டான், பாவி.